ஒதுக்கிப் பிடிக்கும் கை

இரும்பு வழுக்கியது அரை நொடி. அதைத் திரும்ப உள்ளே தள்ளியது இன்னொரு அரை நொடி. சுவர்க் கடிகாரம் அப்போது ஒன்பது ஐம்பத்தொன்று காட்டியது, கோகிலவாணி அந்த ஐம்பத்தொன்றிலேயே நின்றுவிட்டாள், கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்கு நகர்ந்து ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. டாக்டர் ஹால்வர்சன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எதிர்ப்பக்கம் நின்றிருந்த சக மாணவன் ப்ரெண்டன் இப்போது சுவரோரம் நின்றான், கைகளை மார்புக்கு நேராகக் கோத்துக்கொண்டு, முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த காது மடல் சிவந்துபோய். நான்கு நிமிடத்துக்கு முன்னால் ரத்தம் குபுக்கென்று பொங்கிக் குழி நிறைந்தபோது, "யார் அசைச்சது?" என்று டாக்டர் கத்தினார், கத்திய முகம் நேராக ப்ரெண்டன் பக்கம் திரும்பியது, அவனும், தான் அசைத்தானா இல்லையா என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல், "சாரி சார்" என்றான். இங்கே எல்லாரும் முதலில் சாரி சொல்லிவிடுவார்கள், அது மூச்சு விடுவது மாதிரி. "தள்ளி நில்லு" என்றார். அவன் தள்ளி நின்றான். அவன் பிடித்திருந்த இரும்பை ரெசிடென்ட், மூன்றாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர், வாங்கிக்கொண்டார். உறிஞ்சுகுழாய் ரத்தத்தை இழுத்தது, அறுந்தது சின்ன ரத்தக்குழாய்தான், சுட்டு அடைத்தார்கள், வேலை தொடர்ந்தது. அசைத்தது அவள். அவள் கை.

அந்தக் கை இப்போது தன்னுடையதா என்றே தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே ஏதோ ஒன்று இரண்டு கையுறைக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டு இரும்பைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ரிட்ராக்டர் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை, நுனி வளைந்த ஒரு பட்டை, வெட்டிய இடத்துக்குள் தசை வந்து விழாமல் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலை. ஆனால் அவள் நிற்கும் பக்கம் வெறும் தசைப் பக்கம் இல்லை. காலையில் இடுப்பு மூட்டைத் திறந்தவுடன் ஹால்வர்சன் அவள் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துச் சொன்னார், "இதுக்குப் பின்னாலதான் பெரிய நரம்பு இருக்கு, சுண்டுவிரல் தடிமன், இங்கயிருந்து கீழ பாதம் வரைக்கும் போகுது. உன் கண்ணுக்கு அது தெரியாது, என் கண்ணுக்கும் இப்பத் தெரியாது. ஆனா அங்கதான் இருக்கு. உன் இரும்பு சுவர் மாதிரி. சுவர் நகரக்கூடாது." சுவர் நகர்ந்தது. நகர்ந்த சுவரை அவள் கண்ணால் பார்க்காமல், ரத்தத்துக்குள், ஒரு குருட்டுத் தள்ளு தள்ளித் திரும்ப நட்டாள். இப்போது அந்த முனை எங்கே ஊன்றி நிற்கிறது? எலும்பின் விளிம்பிலா? விளிம்புக்கு இந்தப் பக்கமா? தெரியாது என்று சொல்லிக்கொண்டாள். தெரியாது, யாருக்கும் தெரியாது, டாக்டரே பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஐம்பத்தாறு.

தெரியாதா. முதல் வருடம் கல்லூரியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒரு தலைமுடியை மேசைமேல் வைத்து அதன்மேல் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண்ணைக் கட்டி, முடி எந்தப் பக்கம் கிடக்கிறது என்று விரல் நுனியால் சொல்ல வேண்டும். வகுப்பில் பெரும்பாலானவர்கள் பத்துத் தாளில் விட்டுவிட்டார்கள். அவள் பதினெட்டு வரை போனாள். இதற்குத்தானே இருநூறு மணி நேரம், மற்ற மருத்துவக் கல்லூரிகளில் இல்லாத பாடம், தோலுக்குக் கீழே எது தசை எது எலும்பு எது நாண் என்று கையாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம். அந்த விரல்கள்தான் ஐம்பத்தொன்றில் இரும்புவழியாக எதையோ கேட்டன. எலும்பு என்றால் ணங் என்று கைக்கு வரும். தசை என்றால் சவசவவென்று இடம் கொடுக்கும். இது இரண்டும் இல்லை. இறுக்கிக் கட்டிய ரப்பரைப்போல, தள்ளினால் ஒரு துளி உருண்டு, எதிர்த்து, பிறகு அடியில் மாட்டிக்கொண்ட ஒன்று. இல்லை, அது தசைநாணாகவும் இருக்கலாம். இருக்கலாம். இருக்கலாம் என்று எத்தனை முறை சொன்னாலும் விரல்கள் கேட்கவில்லை, அவை தங்களுக்குத் தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன, ஒரே ஒரு சேதியோடு வாசலில் நின்று மணி அடிக்கிறவனைப்போல.

சொல்லிவிடலாம். "சார், என் ரிட்ராக்டர் நகர்ந்துச்சு, ஒரு தடவை பாருங்க." ஒன்பது பத்து வார்த்தைகூட இல்லை. ஹால்வர்சன் நிமிர்வார். நிமிர்ந்து என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும், அவர் வாயால் சொல்லமாட்டார், அவ்வளவு நாகரிகம் உண்டு, கண் சொல்லும்: டி.ஓ.வைக் கூப்பிட்டால் இப்படித்தான். இந்த நாட்டில் டாக்டராக இரண்டு வாசல். எம்.டி. என்பது எல்லாருக்கும் தெரிந்த பெரிய வாசல். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதிக் கல்லூரியின் வாசல். உள்ளே போனபிறகு அதே மருந்து, அதே கத்தி, அதே லைசென்ஸ். குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் என்று போகிறவர்களை எந்த வாசலில் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எலும்பு அறுவைச் சிகிச்சை என்று போனால், கேட்கமாட்டார்கள், கேட்காமலே கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைத் தட்டி நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுவார்கள். அதில் ஒதுங்காமல் தப்ப வேண்டுமானால் ஆள் நேரில் வந்து நான்கு வாரம் நின்று வேலை செய்து காட்ட வேண்டும். இது மூன்றாவது வாரம். ஓஹாயோவில் இந்த ஊரில், இந்த ஆஸ்பத்திரியில், வருடத்துக்கு ஐந்து ரெசிடென்சி இடம். மாடி நடையில் ஆறு வருடத்துப் படங்கள் மாட்டியிருக்கின்றன, முப்பது முகம். முதல் நாளே அவள் முகத்தைப் பார்க்காமல் பெயருக்குப் பின்னாலிருந்த எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். எம்.டி., எம்.டி., எம்.டி., பதினோராவது படத்தில் ஒரு டி.ஓ., அப்புறம் கடைசி வரிசையில் ஒன்று. இரண்டு. இரண்டு என்றால் பூஜ்யமில்லையே என்று அன்றைக்கு முழுக்க ஒரு சந்தோஷம். கல்லூரியில் ஆலோசனை சொல்லும் அம்மாள், "உனக்கு மார்க் இருக்கு, நம்ம பரீட்சை, எம்.டி. பரீட்சை ரெண்டும் எழுதியிருக்க, இருந்தாலும் வேற துறைக்குன்னு இன்னொரு பட்டியலும் கையில வெச்சுக்கோ" என்று அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் வலித்தது. கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து பெரியப்பா போனில், "ஏங்கண்ணு, ஆஸ்டியோன்னாலே எலும்புன்னுதானே அர்த்தம், அப்புறம் எலும்புக்குன்னு தனியா எதுக்கு எடம் தேடோணும்?" என்றார். அவருக்கு விளக்க முயன்று பாதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து முடித்தபிறகு போனை வைத்துவிட்டு வெகு நேரம் குளியலறையில் உட்கார்ந்திருந்தாள். ஹால்வர்சன் எழுதும் சிபாரிசுக் கடிதம் ஒன்று போதும், அவர் பெயருக்கு எல்லா ஊரிலும் கதவு திறக்கும் என்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை அவரே, "உன் கை நல்ல கை" என்றார். நல்ல கை. ஐம்பத்தெட்டு.

ப்ரெண்டன் சமாளித்துக்கொள்வான். இதை அவள் மிகவும் நிதானமாக, ஒரு வக்கீலைப்போல, தனக்குள் எடுத்து வைத்தாள். அவன் கல்லூரிப் பெயரைச் சொன்னால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரன்கூடப் புருவத்தைத் தூக்குவான். அவன் அப்பா முதுகெலும்பு அறுவை மருத்துவர். அவனுக்கு இது ஒரு கெட்ட செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான், சாயங்காலம் பீர் குடித்துக்கொண்டு கதையாகச் சொல்வான். அவளுக்குக் கெட்ட செவ்வாய்க்கிழமை கிடையாது. அவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனால் எல்லாச் செவ்வாய்க்கிழமையும் போனது. இது நியாயமா என்றால் நியாயமில்லை, ஆனால் நியாயமில்லாததை அவளா உண்டாக்கினாள்? இப்படியே போய்க்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் வாதம் ஒவ்வொரு தடவையும் ப்ரெண்டனைத் தாண்டி, மேசைமேல் பச்சைத் துணிக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்த உடம்பின்மேல் வந்து இடித்து நின்றது. மிஸஸ் டாட்சன். அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். காலை ஆறரைக்கு அவளிடம், "ஆறு வாரத்துல பிரேக் மிதிக்க முடியுமாம்மா? எனக்குப் பதிலா ஓட்டற ஆளு ரொம்ப வேகமாப் போறானாம், புள்ளைங்க சொல்லுதுங்க" என்று கேட்டார். வலது இடுப்பு. வலது கால். அந்த நரம்பு நசுங்கினால் பாதம் தொங்கிவிடும், தூக்க வராது, பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்ஸிலேட்டருக்குப் போக வராது. விழித்தபிறகுதான் தெரியும். விழித்தபிறகு தெரிந்தால் சில பேருக்கு அசைவு திரும்பி வர வருடம் ஆகும், சில பேருக்கு வரவே வராது. புத்தகத்தில் அந்தப் பக்கம் அவள் கண்ணுக்குள் தெரிந்தது, வலதுபக்கத் தாள், கீழே ஒரு கட்டம், மஞ்சள் கோடு அவளே போட்டது: எவ்வளவு நேரம் அழுத்தம் இருந்தது என்பதைப் பொறுத்தது. நேரம். அவள் பிடியை மெதுவாக, ஒரு மயிரிழை, தளர்த்தினாள்.

"கோகி, இறுக்கிப் பிடி. உள்ள எனக்குக் கண்ணு தெரியணும்."

"சரி சார்."

இறுக்கினாள். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவள்தான் இழுத்தாள், முதுகுத் தசையெல்லாம் சேர்த்துப் பின்னால் சாய்ந்து இழுத்தாள், இரும்பின் அடியில் அந்த ரப்பர் மாதிரியானது இன்னும் கொஞ்சம் தட்டையானதைக் கையால் கேட்டாள். அல்லது கேட்டதாக நினைத்தாள். நினைத்ததற்கும் கேட்டதற்கும் நடுவிலே ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்தது, பத்து மணி ஆகும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். முகக்கவசத்துக்குள் மூச்சு சூடாகத் திரும்பி வந்து கண்ணாடியை மங்கலாக்கியது. மேல் உதட்டில் ஒரு சொட்டு வியர்வை அரித்தது, துடைக்க முடியாது. அம்மா இந்நேரம் பள்ளிக்கூடக் கேன்டீனில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ரொட்டிக்கு நடுவே சீஸ் வைத்துக்கொண்டிருப்பாள், வலை போட்ட தலையோடு, மேற்பார்வைக்காரி எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு. ஊருக்குப் புதிதாக வந்து பன்னிரண்டு வயதில் இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள் அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டே, "பேசாம உம்பட வேலையப் பாரு சாமி, எதுக்கும் வாயக் குடுக்காத" என்றாள். நேற்றும் போனில் அதையேதான் சொன்னாள். வாயைக் கொடுக்காமல்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள். மூன்று வாரமாக எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் பின்னால் போய், யாரோ சொன்ன டி.ஓ. ஜோக்குக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல். நல்ல பெண் என்று பெயர் வாங்கியாயிற்று. நல்ல கை. கை இழுத்துக்கொண்டிருந்தது. பத்து மணி ஒரு நிமிடம்.

ஆபரேஷன் முடிந்ததும் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு வழி தோன்றியது. ஆஹா, எவ்வளவு நல்ல வழி. முடிந்ததும், நடையில், தலை குனிந்து, சார் ஒரு விஷயம். அப்போது எல்லாரும் முன்னால் இல்லை, அப்போது அது நேர்மை மாதிரிகூட இருக்கும். முடிய இன்னும் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடம் இழுத்துவிட்டு நேர்மையாக இருக்கலாம். அந்த எண்ணத்தின் அசிங்கம் அவளுக்கு உடனே உறைக்கவில்லை, இரண்டு சுற்றுச் சுற்றி வந்து மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது. தியேட்டரில் குளிர் அறுபத்து நான்கு டிகிரி ஃபாரன்ஹீட், அவள் முதுகில் கோடாக வியர்வை இறங்கியது. நர்ஸ் மார்ஸி செயற்கை மூட்டின் உலோகக் கிண்ணத்தை நீட்டினாள். டாக்டர் அதைக் குழிக்குள் வைத்து, கோணம் பார்த்து, சுத்தியலைக் கேட்டார்.

"சார்" என்றாள் கோகிலவாணி.

சுத்தியல் விழுந்தது. ணங். அவள் குரல் அதற்குள் போய்விட்டது. யாரும் திரும்பவில்லை. ணங். சொல்லியாயிற்று என்று மனம் உடனே ஒரு கணக்கை முடிக்கப் பார்த்தது, சொன்னேன், அவர் காதில் விழவில்லை, என் தப்பில்லை. ணங். எப்போதாவது யாராவது கேட்டால் நான் சொல்லத்தான் செய்தேன் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. எவ்வளவு சுலபமாக இருந்தது அது, ஒரு மெத்தையைப்போல. ணங். சுத்தியல் நின்றது. டாக்டர் கிண்ணத்தை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை, "அழகு" என்றார். அடுத்த கருவிக்குக் கை நீட்டினார். பத்து ஐந்து.

"சார், நிறுத்துங்க."

நிறுத்துங்க என்று சொல்ல அவள் நினைக்கவில்லை. ஒரு மாணவி அந்த வார்த்தையை அந்த அறையில் சொல்லி யாரும் கேட்டதில்லை. மயக்க மருத்துவர்கூடத் திரைக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன?"

"அப்ப நகர்ந்தது என்னோடது. ப்ரெண்டன் இல்ல. வழுக்கிடுச்சு, நான் பார்க்காமத் திரும்ப உள்ள தள்ளிட்டேன். எலும்பு மேல இல்ல. நரம்பு மேல இருக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"இருக்கு" என்றாள். "கைக்குத் தெரியுது."

ஹால்வர்சன் நிமிர்ந்தார். கருவியைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கைமேல் தன் கையை வைத்து, "விடாத, இழுக்காத, சும்மா வெச்சிரு" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, விளக்கைத் திருப்பச் சொல்லி, குனிந்து, இரும்பின் நெடுகே விரலை உள்ளே விட்டார். விரல் போன தூரமெல்லாம் அவளுக்குள்ளே போவதுபோல் இருந்தது. பிறகு முனையை ஒரு முட்டையை எடுப்பதுபோல எடுத்து, வெளியே வைத்தார். ரெசிடென்ட் எட்டிப் பார்த்தார். கோகிலவாணியும் பார்த்தாள். மங்கிய வெள்ளையில் ஒரு வடம், அதன்மேல் குறுக்கே ஒரு பள்ளம், நகத்தால் மெழுகை அழுத்தியதுபோல.

"எவ்வளவு நேரம்?"

"பதினாலு நிமிஷம்."

"மணி பார்த்தியா?"

"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் சார்."

தான் சொன்னதை அவளே அப்போதுதான் கேட்டாள். ஹால்வர்சன் அவளை ஒரு முறை பார்த்தார், எந்த வாசலில் வந்தவள் என்று பார்க்கிற பார்வை இல்லை அது, அதைவிட மோசம், ஆளைப் பார்க்கிற பார்வை. "ப்ரெண்டன், உள்ள வா" என்றார். "நீ தள்ளி நில்லு." அவள் சுவரோரம் போய்க் கைகளை மார்புக்கு நேராகக் கோத்து நின்றாள். மீதி ஆபரேஷன் முழுக்க அவள் அப்படியே நின்றாள், தைத்து முடித்து விளக்கை அணைக்கும்வரை.

கை கழுவும் இடத்தில் ப்ரெண்டன் பக்கத்தில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் குப்பையில் போட்டான். "நீ எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டாம், எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான், ஆறுதலாகத்தான்.

"தெரியும். பதினாலு நிமிஷமும் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் அவளையே பார்த்தான். அவள் சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "ஓ" என்றான். குழாயை மூடிவிட்டுப் போனான். மன்னித்தானா இல்லையா என்று அவன் முதுகில் எழுதியிருக்கவில்லை.

விழிப்பறையில் மிஸஸ் டாட்சன் பாதி விழித்திருந்தார். ஹால்வர்சன் கட்டிலின் கால்மாட்டில் போர்வையை விலக்கி, "லொரெய்ன், கால்விரலை மேல தூக்குங்க, ரெண்டு காலும்" என்றார். இடது பாதம் சட்டென்று நிமிர்ந்தது. வலது அப்படியே கிடந்தது. கோகிலவாணி வாசலருகே நின்று அந்த ஒரு பாதத்தை மட்டும் பார்த்தாள், உலகத்தில் வேறு எதுவும் இல்லை, அந்தப் பாதமும் கட்டிலின் கம்பியும் மட்டும். "இன்னொரு தடவை." பெருவிரல் அசைந்தது. பிறகு பாதம் எழுந்தது, இடதில் பாதி உயரம், அங்கேயே நின்று நடுங்கி, விழுந்தது. ஹால்வர்சன் அந்த உள்ளங்காலில் தன் கையை வைத்தார், மேல்பக்கம் தடவினார், உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, மதமதப்பாக.

"வந்துரும்" என்று கோகிலவாணியின் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆறு வாரம் பத்தாது. மூணு மாசம், நாலு மாசம் ஆகலாம். முடியிற வரைக்கும் நீ பேசாம இருந்திருந்தா இதை நான் சொல்லியிருக்க முடியாது." கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "உடனே சொல்லியிருந்தா எதையுமே சொல்ல வேண்டியிருந்திருக்காது."

"ஆமா சார்."

"உனக்குக் கடிதம் எழுதறேன்னு போன வாரம் சொன்னேன். எழுதுவேன். இன்னைக்கு நடந்ததும் அதுல இருக்கும். முழுசா."

எப்படி எழுதுவீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. பதினான்கு நிமிடம் பேசாதிருந்தவள் என்றா, பதினைந்தாவது நிமிடத்துக்கு முன் பேசியவள் என்றா. அந்தக் கடிதத்தை அவள் ஒருபோதும் படிக்க முடியாது, படிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். முத்திரையிட்ட அந்தக் கடிதம் அவளுக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேரும்.

"அவங்க முழுசா முழிச்சதும் நான் சொல்லணும், அவங்களுக்குத் தெரியணும். நீ பக்கத்துல நிக்கணும்" என்றார்.

"நிக்கறேன்."

இருபது நிமிடம் நின்றார்கள். நர்ஸ் தலையணையை உயர்த்தினாள், உதட்டில் ஐஸ் வைத்தாள். மிஸஸ் டாட்சன் கண்ணைத் திறந்தார், இந்த முறை அது தெளிவான கண், டாக்டரைப் பார்த்து, அவருக்குப் பின்னால் நின்றவளையும் பார்த்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். ஹால்வர்சன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் கோகிலவாணி ஓர் அடி முன்னால் வந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேசத் தொடங்கினாள்.